நாலு வார்த்தைப் பூட்டு

ஆகஸ்ட் 11, 2025, திங்கள். கடலூர்

செம்மங்குப்பம் கம்பெனியிலிருந்து அறுபத்து நாலு பழைய நீல டிரம் என் குடோனில் வந்து இறங்கியது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்ததில் ஏழு ஓட்டை. ஏழையும் அதே வண்டியில் திருப்பி ஏற்றிவிட்டேன். கம்பெனி சூப்பர்வைசருக்கு முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

பதினொன்றரைக்கு சிந்துஜா சிதம்பரத்திலிருந்து கூப்பிட்டாள். என் ஒரே மகள். "அம்மா, அவர் லேப் வாசல்ல நிக்கிறார்."

நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் வக்கீல் அருள்மொழி. கம்பெனி கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. எழுதுகிறேன்.

ஜூலை 6-ஆம் தேதி சிந்துஜா முதுகில் வயர் தடத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். கேமரா மாட்டுகிற வயர். மாப்பிள்ளை அருண்பாண்டியனுக்கு அதுதான் தொழில், கடலூரில் கடை கடையாகக் கேமரா மாட்டுவது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மறுநாளே அவளைப் புவனகிரியில் என் நாத்தனார் வீட்டில் விட்டேன். மூன்றாம் நாள் அவன் அந்த வாசலில் நின்றான். பிறகு சிதம்பரத்தில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை, பெண்கள் விடுதியில் அறை என்று மாற்றினேன். இன்றைக்கு அங்கேயும் நிற்கிறான். உள்ளே போகவில்லை, கத்தவில்லை. பைக்கில் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போனானாம்.

எப்படித் தெரிகிறது இவனுக்கு?

"நீதான் எவகிட்டயாவது உளறியிருப்ப" என்று திட்டினேன். அழுதாள். போனை வைத்த பிறகுதான், திட்டியிருக்க வேண்டாம் என்று பட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

குடோனுக்கே வந்துவிட்டான். முழுக்கைச் சட்டை, விபூதி, பவ்யம். பொன்னுரங்கம் டிரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஹோஸை நிறுத்தவே இல்லை. நான் சைக்கிளில் இரண்டு டிரம் கட்டிக்கொண்டு விற்ற காலத்திலிருந்து கூட இருக்கும் ஆள் அவர். வா என்று யாரும் சொல்லாமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சிந்துவுக்குச் சளி எப்படி இருக்கு அத்தை? நொச்சி போட்டு ஆவி புடிச்சாளா?"

நொச்சி போட்டு ஆவி பிடி என்று நேற்று காலை அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். வேறு யாரிடமும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

"எம்பொண்ணு மூக்கு உனக்கு எதுக்கு?" என்றேன்.

"எம் பொண்டாட்டி அத்தை. எனக்கு எல்லாம் தெரிஞ்சாகணும்ல."

போகும்போது, அவனே இலவசமாக மாட்டிக் கொடுத்த கேமராவின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனான். நாலு கேமரா, நாலையும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சிந்துஜாவை வரவழைத்து மஞ்சக்குப்பத்தில் அருள்மொழி ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். நொச்சி விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் அவள் போனைத்தான் வாங்கினார். வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அவள் போனோடு ஒரு லேப்டாப் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் லேப்டாப்பே கிடையாது. கல்யாணமான புதிதில், போன் மெதுவாக ஓடுகிறது, சரி செய்து தருகிறேன் என்று ஒரு நாள் வாங்கி வைத்திருந்தானாம்.

ஒன்றரை வருஷம். நான் அவளுக்கு அனுப்பிய ஒவ்வொரு வரியையும், அவள் எனக்கு அழுதுகொண்டே பேசி அனுப்பிய ஒவ்வொன்றையும் அந்த நாய் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

அதை அறுத்துவிட்டார். எல்லாக் கணக்குக்கும் புதுக் கடவுச்சொல். இனிமேல் இரண்டு பேரும் சிக்னல் என்ற ஆப்பில் மட்டும் பேசுங்கள், அதுவும் பார்த்த செய்தி ஒரு நாளில் தானாக அழிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று என் போனிலும் அவள் போனிலும் போட்டுக் கொடுத்தார். எழுத்து எப்படிக் குழம்பி எப்படித் தெளிகிறது என்று ஏதேதோ கணக்கு சொன்னார். நான் சொன்னேன்: "சீல் வச்ச டிரம்னு சொல்லுங்க வக்கீலம்மா. இங்க மூடுறவனும் அங்க தொறக்குறவனும் தவிர நடுவுல லாரிக்காரனுக்குக்கூட உள்ள என்னன்னு தெரியாது." அவர் சிரித்துவிட்டார். இனிமேல் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன் என்றார்.

சிந்துஜாவைப் பஸ் ஏற்றும்போது, "இப்பவாவது புரியுதா, உன் போன்தான்" என்றேன். அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று நாளாக வரவில்லை. விடுதியையும் மாற்றிவிட்டோம். புது முகவரியை சிக்னலில்தான் அனுப்பினாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வந்துட்டான். புது விடுதி வாசலுக்கே வந்துட்டான்.

காவலாளியிடம் மல்லிகைப் பூவும் அல்வாவும் கொடுத்து, "சிந்துஜா வீட்டுக்காரர் வந்தார்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் சிந்துஜா இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, கக்கூஸ் ஜன்னலுக்குக்கூடத் துணி கட்டியிருக்கிறாளாம்.

சீல் வச்சோமே. அப்புறம் எப்படி? எங்கே ஓட்டை?

நான் போனில் கத்தினேன். யாரிடம் சொன்னாய், கூடத் தங்கியிருக்கும் வெண்மதி யார், அவள் எந்த ஊர், மூன்று மணிக்கு ஏன் போன் எடுக்கவில்லை, எங்கே இருந்தாய். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அவரும் இதையேதாம்மா கேப்பாரு. எங்க இருக்க, யார்கூட இருக்க, ஏன் எடுக்கல."

வைத்துவிட்டாள்.

நானும் அவனும் ஒண்ணா? நான் பெத்தவ. பயத்துல கேக்குறேன். — அவனும் அப்படித்தான் சொல்லுவானோ.

ஆகஸ்ட் 23, சனி

கோபம் தணிந்து யோசித்தேன். இது எனக்குத் தெரியாத வித்தை இல்லை.

பல வருஷம் முன்பு என் ரேட் வெளியே கசிந்துகொண்டே இருந்தது. யார் என்று தெரியவில்லை. மூன்று தரகர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மூன்று ரேட் சொன்னேன். எந்த ரேட் சுற்றி வந்து என் காதில் விழுகிறதோ அந்த வாய்தான் ஓட்டை. ஒரே வாரத்தில் பிடித்தேன்.

இப்போதும் அதேதான். வரும் வியாழன் காலை பதினொரு மணிக்கு சிந்துஜா எங்கே இருப்பாள் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்லப் போகிறேன். பொன்னுரங்கத்திடம் வாய்வார்த்தையாக: பரங்கிப்பேட்டை. வெண்மதியிடம், வக்கீல் ஆபீஸ் போனிலிருந்து: குறிஞ்சிப்பாடி. மூன்றாவது யாரிடமும் இல்லை. என் போனில் குறிப்பு எழுதுகிற இடத்தில் மட்டும்: "வியாழன் 11 மணி, சிந்து, சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்ட்."

அந்த மூன்றாவதை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் போனில் என்ன இருக்கிறது, டிரம் படமும் லாரிக்காரன் நம்பரும்தானே. இருந்தாலும் தட்டாத டிரம்மை நான் நம்புவதில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு (மணி அடித்துக் காட்டிக்கொடுக்கும் என்று) பஸ் பிடித்துச் சேத்தியாத்தோப்பு போனேன். மற்ற இரண்டு ஊரையும் பார்த்துக்கொள்ள அருள்மொழி ஆள் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து ஐம்பதுக்கு அவன் பைக் வந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிப் பார்த்தான். நாற்பது நிமிஷம். டீ ஆறிப் போயிற்று.

என் போன். என் போன்தான். தலைதீபாவளிக்கு மாமியார்தான் மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டும். இவன் திருப்பி எனக்குச் செய்தான். பெட்டி பிரித்து, எல்லாம் போட்டு, என் பேரில் கணக்குத் திறந்து, "இனிமே நீங்க ஒண்ணும் தொடவேண்டாம் அத்தை, அப்படியே யூஸ் பண்ணலாம்" என்று கையில் கொடுத்தான். தெரு முழுக்கக் காட்டினேன். மாப்பிள்ள வாங்கிக் குடுத்தது, மாப்பிள்ள வாங்கிக் குடுத்ததுன்னு.

ஒன்றரை மாசமா எம்பொண்ணத் திட்டிக்கிட்டு இருந்தேனே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் குடோன் வாசலில், கேமராவுக்கு நேராக நின்றுகொண்டு, போனைக் கீழே போட்டேன். கண்ணாடி கீறிக்கொண்டது. பொன்னுரங்கத்திடம் உரக்கச் சொன்னேன்: கண்ணாடி மாற்றிக்கொண்டு வருகிறேன். அவர், "செம்மண்ணுலதான விழுந்துச்சு, எப்படி ஒடஞ்சுது?" என்றார். வாயை மூடும் என்று கண்ணால் சொன்னேன்.

சிதம்பரத்தில் அருள்மொழிக்குத் தெரிந்த போன் மெக்கானிக் சார்லஸ். முதல் வேலையாகப் போனின் எல்லாத் தொடர்பையும் துண்டித்தார். பிறகு உள்ளே போய்த் தேடினார். கால் மணி நேரம். பேட்டரி சம்பந்தப்பட்டது போல ஒரு பெயரில், படமே இல்லாத ஒரு ஆப். நான் எங்கே இருக்கிறேன், என்ன தட்டுகிறேன், திரையில் என்ன தெரிகிறது, எல்லாம் பார்க்க அதற்கு அனுமதி கொடுத்து வைத்திருந்தான். போட்ட தேதி போன வருஷம் தீபாவளி அன்றைக்கு.

"அப்ப அந்த சிக்னல் வேஸ்ட்டா?" என்று கேட்டேன்.

"அது மேல தப்பு இல்லக்கா. வழியில யாரும் தொறக்கல. நீங்க தொறந்து படிக்கிறப்ப உங்க தோளுக்குப் பின்னாடி அவன் நின்னுட்டு இருந்தான்."

அதைக் கேட்டதும் கடையில் உட்கார்ந்திருந்தவள் திரும்பி என் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். பைத்தியம்.

அருள்மொழி அழிக்கக் கூடாது என்கிறார். அது சாட்சி. மனு போடும்போது போலீசிடம் அப்படியே கொடுக்க வேண்டும். அதுவரை பழையபடி பயன்படுத்திக்கொண்டே இருங்கள், சந்தேகம் வரக்கூடாது. ஆக, அவனை மடியில் கட்டிக்கொண்டுதான் வியாபாரம் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. சிதம்பரம்

சிந்துஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "என் போன்தான்டி" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டியாம்மா" என்றாள்.

புது போன் வாங்கினேன். சார்லஸ் கடையில், நானே பெட்டி பிரித்து, நானே ஒவ்வொன்றாக அமுக்கி. அவர் வாயால் சொன்னார், கை வைக்கவில்லை.

பிறகு முக்கியமான வேலை. சிந்துஜாவிடம் இருப்பவை: முதுகுத் தடத்தின் படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, அவன் மிரட்டிப் பேசிய பதினோரு குரல் பதிவு. அவன் அடித்ததற்கும் மிரட்டியதற்கும் இவை மட்டும்தான் எங்களிடம் உள்ள சாட்சி. எல்லாவற்றையும் என் புது போனுக்கு மாற்றி, ஒரே கட்டாகக் கட்டி, கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது. ஒரு பிரதி பென்டிரைவில் வக்கீல் ஆபீசில் இருக்கும். கடவுச்சொல் சிந்துஜாவுக்கே தெரிய வேண்டாம் என்றார் அருள்மொழி. அவன் அவளைப் பிடித்து முறுக்கினாலும் தெரியாததைச் சொல்ல முடியாது. எனக்கு மட்டும்.

நான் முதலில் என் வண்டி நம்பரைப் போடலாம் என்றேன். "அக்கா, அது வண்டி பின்னாடியே எழுதியிருக்கு" என்றார் சார்லஸ். சாமி பேர், பிள்ளை பேர், பிறந்த தேதி எதுவும் கூடாதாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தை. தமிழிலேயே போடலாம். எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தட்டினேன். எழுத்துக்குப் பதில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. மறுபடி ஒரு தடவை கேட்டது, மறுபடி தட்டினேன். பூட்டிக்கொண்டது.

நாலு வார்த்தையையும் இங்கே எழுத மாட்டேன். தலையில் இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

முந்தாநாள் பழைய போனிலிருந்து நாத்தனாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "சிந்துவுக்கு சேலத்தில் வேலை கிடைத்துவிட்டது. நேற்றே போய்விட்டாள்."

பொன்னுரங்கம் பார்த்துவிட்டு வந்து சொன்னார், அவன் கடை இரண்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறதாம். சேலம் பெரிய ஊர். சுற்றட்டும். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். இந்த யோசனையை அருள்மொழியிடம் நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

எழுதக் கை ஓடல.

காலை ஒன்பது மணி. சிந்துஜாவும் வெண்மதியும் கீழ வீதி வழியாக லேபுக்கு நடந்து போயிருக்கிறார்கள். பின்னாலிருந்து வந்து நிறுத்தினான். "சேலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டானாம். சிரித்துக்கொண்டே.

அவள் போனைப் பிடுங்கித் தரையில் அடித்து, செருப்புக் காலால் மிதித்து, மிச்சத்தைச் சாக்கடையில் போட்டிருக்கிறான். தடுத்த கையை முறுக்கினான். வெண்மதி போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர்கள் ஓடி வந்தார்கள். அதற்குள் போய்விட்டான். மணிக்கட்டில் எலும்பு கீறல். மாவுக்கட்டு. போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. பழைய போனையும் கொடுத்துவிட்டோம், சீல் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சேலம் என் வேலை. என் கெட்டிக்காரத்தனம். ஊர் சுற்றி அலைந்து வெறி ஏறி வந்தவன் அவள் கையில் காட்டிவிட்டான்.

அருள்மொழி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வியாபாரத்துல ஏமாத்தினா எதிராளி நஷ்டப்படுவான் பட்டம்மா. இவன் அடிப்பான்."

மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்தேன்.

அந்த வெண்மதியைத்தான் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

அக்டோபர் 7 வாய்தா. அவன் அவள் பக்கமே வரக்கூடாது என்று சிதம்பரம் கோர்ட்டில் உத்தரவு கேட்கிறோம். அவன் தரப்பில், வயர் காயம் எல்லாம் கட்டுக்கதை, மாமியார் தூண்டிவிடுகிறாள் என்று பதில் போட்டிருக்கிறார்கள். கை எலும்பு கீறல் அவளே விழுந்ததில் வந்ததாம். நல்லவேளை, போனை மிதித்தாலும் அதில் இருந்ததெல்லாம் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

திறக்கவில்லை.

அருள்மொழி ஆபீஸ். சிந்துஜா எதிரே, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. நான் நாலு வார்த்தையைத் தட்டினேன். தவறான கடவுச்சொல். எழுத்துப்பிழையாக இருக்கும் என்று மெதுவாகத் தட்டினேன். தவறு. இடம் விட்டு, விடாமல், ழவை ளவாக்கி, ரவை றவாக்கி. தவறு தவறு தவறு. பென்டிரைவில் இருந்ததும் அதே பூட்டு, அதே பதில்.

சார்லஸுக்குப் போன் போட்டோம். "இதுக்குப் பின்பக்கக் கதவு கிடையாதுக்கா. செஞ்சவனே வந்தாலும் தொறக்க முடியாது. அப்படி இருக்கணும்னுதான போட்டோம்."

சிந்துஜா என் தோளைத் தொட்டு, "விடும்மா, நானே வாயால சொல்றேன்" என்றாள். அருள்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் வக்கீலும் வாயாலேயே மறுத்துவிடுவார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அக்டோபர் 4, சனி

முப்பத்தொரு தடவை. திறக்கவில்லை.

வார்த்தைகள் சரி. நாலும் சரி. வரிசையும் சரி. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். அப்புறம் ஏன்?

எனக்கு வயசாகிறதா? மறந்துவிட்டு, மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனா?

அக்டோபர் 5, ஞாயிறு

அவன் கைக்குக் கிடைக்கக் கூடாதுன்னு பூட்டினேன். இப்ப அவனுக்கே பூட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அவன் மிதிச்சது பாதி. மீதிய நான் மிதிச்சிருக்கேன்.

சிந்துஜா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பரங்கிப்பேட்டைக்கு முப்பது டிரம் கிளம்ப வேண்டும். ஐஸ் போட்டு மீன் வைக்க. பழைய பில் புக் தீர்ந்துவிட்டது. புது புக் எடுத்துப் பிரித்தேன். மனசு இங்கே இல்லை. பேனா மட்டும் ஓடியது. முதல் தாளில், தேதிக்கும் முன்னால், உச்சியில், உ.

கை அப்படியே நின்றுவிட்டது.

முப்பது வருஷமாகப் பிள்ளையார் சுழி போடாமல் நான் எதையும் தொடங்கியதில்லை. பில் புக், சரக்குச் சீட்டு, பேங்க் பாரம், கல்யாணப் பத்திரிகை. தொடங்கும்போது மட்டும். நடுவில் போட மாட்டேன். அன்றைக்கு சார்லஸ் கடையில் புது போன், புதுப் பூட்டு. புள்ளியாகத் தெரிந்ததால் என் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோதும் விரல் அதையேதான் செய்திருக்கும். திறக்கிறபோது? திறப்பது தொடக்கம் இல்லையே. அதனால் போடவில்லை.

போனை எடுத்தேன். உ. நாலு வார்த்தை. தவறு. உ, ஒரு இடம் விட்டு, நாலு வார்த்தை.

திறந்துகொண்டது. முதல் படமே அவள் முதுகு.

டிரம் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பொன்னுரங்கம் குட்டியானை வண்டியிலிருந்து தலையை நீட்டி, "பில்லு எழுதிட்டியா பட்டு? ஐஸ் ஃபேக்டரிக்காரன் கத்துறான்" என்றார். கையைக் காட்டினேன், போங்க என்று. பில் இல்லாமலே வண்டி போயிற்று. என் வியாபாரத்தில் அது முதல் தடவை.

சிந்துஜாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "சாமி பேர் கூடாதுன்னு சார்லஸ் அண்ணன் சொன்னாரே, நீ சாமியையே ஒக்கார வச்சிருக்கியேம்மா" என்றாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

உ என்று இங்கே எழுதிவிட்டதால் பூட்டை மாற்றிவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய். சிதம்பரம்

படங்களைப் பார்த்தார்கள். மூன்று குரல் பதிவு போட்டார்கள். அந்த அறையில் அவன் குரல், வீட்டுக்குள் பேசுகிற குரல். நான்கூட அதுவரை முழுதாகக் கேட்டதில்லை. சிந்துஜா தலை குனியவில்லை. நான்தான் குனிந்துகொண்டேன்.

போனில் போட்ட ஆப்பைப் பற்றிக் கேட்டபோது அவனே முந்திக்கொண்டான். மாமியார் தனியாக இருக்கிறார்கள், பாதுகாப்புக்காகத்தான் போட்டேன் என்றான். அவன் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"போட்டதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட் அம்மா.

எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்றவனுக்கு அதற்கு மட்டும் பதில் தெரியவில்லை.

இடைக்கால உத்தரவு: அவள் தங்கும் இடம், வேலை செய்யும் இடம் எதன் பக்கமும் வரக்கூடாது, நேரிலோ போனிலோ வேறு எந்த வழியிலோ தொடர்பு கொள்ளக் கூடாது, அடுத்தவர் சாதனத்தில் கை வைக்கக் கூடாது. போன் விஷயம் தனி வழக்காகப் போகிறது.

வெளியே வந்ததும் மூன்று பேருக்கும் பசித்தது. ஆளுக்கு இரண்டு தோசை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நல்ல மழை. சிந்துஜா வந்தாள், வெண்மதியும் வந்தாள். ஆள் வைத்து நாலு கேமராவையும் கழற்றிப் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

அவன் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்குத்தான் பழக்கம் விடவில்லை. செப்டம்பரில் அவளுக்குப் புது போன் வாங்கியபோது, அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும்படி வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்க்கிறேன். நீலப் புள்ளி லேபில் இருக்கிறது. நீலப் புள்ளி விடுதியில் இருக்கிறது. நேற்று அரை மணி நேரம் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தது. "என்ன வாங்கின?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

சிந்துஜா வந்திருந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை இன்னும் கொஞ்சம் மெலிவாக இருக்கிறது, அந்தக் கையாலேயே மோர்க்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்துச் சொன்னாள். வெண்மதியோடு சேர்ந்து தனி வீடு எடுத்திருக்கிறாளாம். எந்தத் தெரு என்று இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை. அருள்மொழிக்கு மட்டும் தெரியும். சாட்சிக் கட்டைத் தன் புது போனுக்கு மாற்றிக்கொண்டு, கடவுச்சொல்லையும் அவளே போட்டுக்கொண்டாள். நீலப் புள்ளியையும் நிறுத்திவிட்டாள்.

"கோச்சுக்காதம்மா. எனக்கே எனக்குன்னு கொஞ்சம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நானே வரேன்."

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். பெத்தவகிட்டயே மறைக்கிறதா என்று வாய் வரை வந்தது. எதிரே உட்கார்ந்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஜூலையில் வந்து நின்றபோது அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள்.

"வாடகை ஜாஸ்தியா கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"பேசிக் கொறச்சிட்டேன்" என்றாள்.

நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆறு மணிக்கு "எங்கே இருக்கே" என்று தட்டிவிட்டு அழித்தேன். மறுபடி தட்டி மறுபடி அழித்தேன். "போய்ச் சேந்தியா" என்று அனுப்பினேன். எட்டே காலுக்குத்தான் பதில் வந்தது. "ம்."

அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.